வாசிப்பை அளக்கும் கோல்: மாத்தளைத் தோட்டப்புற இடைநிலை மாணவரை முன்வைத்துச் சில கருத்துக்கள்

1

"பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது" என்னும் முறைப்பாடு, மலையகப் பாடசாலைகளில் ஆறாந் தரத்திலிருந்து ஒன்பதாந் தரம்வரை கற்பிக்கும் ஆசிரியரிடம் அடிக்கடி கேட்கக்கூடியது. தமிழாசிரியர் மட்டுமன்றி வரலாறும் விஞ்ஞானமும் கற்பிப்போரும் இதனையே கூறுவர். முறைப்பாட்டில் உண்மை உண்டு. ஆயினும் அது ஒரு தீர்ப்பாக வழங்கப்படும்போது, எதனை அளந்து அத்தீர்ப்பு வழங்கப்பட்டது என்ற வினா எழாமற் போகின்றது. உரத்து வாசிக்கையில் நேரும் தடுமாற்றமா? வாசித்ததன் பொருள் விளங்காமையா? பந்தி காட்டும் உலகம் அந்நியமாயிருத்தலா? வினாவுக்கு விடையெழுதும் முறை பழகாமையா? இந்நான்கும் வேறு வேறானவை. அவற்றின் காரணங்களும் பரிகாரங்களும் வேறானவை. நான்கையும் ஒரே புள்ளியில் அடக்கி, அப்புள்ளியைப் பிள்ளையின் பெயருக்கு நேரே எழுதிவிடும் வழக்கமே நமது கணிப்பீட்டு முறையின் அடிப்படைக் குறைபாடு என்பது இக்கட்டுரையின் வாதம்.

இலக்கிய விமரிசனத் துறையைச் சார்ந்தோர் இவ்விடயத்திற் கருத்துக் கூறுவது எல்லை மீறலாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் வாசிப்புப் பரீட்சையின் மையத்தில் இருப்பது ஒரு பனுவல். அதற்கு ஓர் ஆசிரியர் உண்டு. அவர் மனத்திற் கொண்ட வாசகர் ஒருவரும் உண்டு. நாவலையும் கவிதையையும் நோக்கி, 'யாருடைய நிலைப்பாட்டிலிருந்து, யாருக்காக எழுதப்பட்டது?' என்று வினவும் விமரிசனம், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கட்டாயமாக வாசிக்க நேரும் கிரகித்தற் பந்தியை வினவாது விடுவதற்கு நியாயம் எதுவுமில்லை.

2

மாத்தளை மாவட்டத்தை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. நகருக்கு வடக்கே சிறு தொலைவில் உள்ளது அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை துறவியரின் நினைவிலும் நாவிலும் வழங்கிவந்த பாளித் திரிபிடகம் இங்குதான் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. பஞ்சத்தாலும் போராலும் ஓதுவோர் அருகி, நினைவே அழிந்துவிடுமோ என்ற அச்சம் எழுத்தை நாடச் செய்தது என்பர். வாய்மொழியினின்று எழுத்துக்குப் பெயர்தல் தனிமனித ஆற்றலின் விளைவன்று. ஒரு சமூகம் தன் தேவையால் உந்தப்பட்டு மேற்கொள்ளும் செயல் அது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்து இதே மாத்தளையை வந்தடைந்த தமிழகத் தொழிலாளருக்கு எழுத்து எவ்வாறு அறிமுகமாயிற்று? 'துண்டு' என்ற வடிவிலேயே அவர்கள் அதனைக் கண்டனர். இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இத்தொழிலாளியை விடுவிக்கலாம் என்று எழுதித் தோட்டத்துரை வழங்கிய சீட்டு அது. 1921 இல் ஒழிக்கப்படும்வரை அச்சீட்டின்றி ஒருவர் வேறு தோட்டத்தில் வேலைபெறுதல் அரிதாயிருந்தது. தன் வாழ்வை நிர்ணயித்த அவ்வெழுத்தை அதற்குரியவரால் வாசிக்க இயலவில்லை. செக்ரோல், கடைக் கணக்கு, கைநாட்டு வாங்கப்பட்ட பத்திரம் ஆகிய யாவும் இத்தன்மையனவே. தோட்டப்புறத்தில் எழுத்து முதலில் ஆதிக்கத்தின் கருவியாகவே வந்து சேர்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

பாடசாலையின் வரலாறும் இதற்கு முரணானதன்று. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், ஆறு முதல் பத்து வயதுவரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. பிள்ளையின் உழைப்பிலும் பெற்றோரின் உழைப்பிலும் இலாபங் காண்பவரிடமே பிள்ளையின் கல்வியை ஒப்படைத்த ஏற்பாடு எவ்வாறு நடந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரே மண்டபம், ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு என்பதே தோட்டப் பாடசாலையின் பொதுவடிவம். 1945 இன் இலவசக் கல்வி நாட்டின் ஏனைய பகுதிகளில் விளைத்த மாற்றம் இங்கு நிகழவில்லை. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1960-61 இல் உதவிபெறும் பாடசாலைகள் அரசுடைமையானபோது தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. அவற்றை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977 இலேதான். நாட்டின் பிற பிள்ளைகள் மூன்று தசாப்தங்களாகப் பெற்றிருந்ததன் ஆரம்பக் கூறுகள் அப்போதே இங்கு வந்து சேர்ந்தன.

மாத்தளைக்கு இவற்றுக்கு மேலான சில இடர்களும் உண்டு. இங்குள்ளவை பெரும்பாலும் இடைநாட்டுத் தோட்டங்கள். தேயிலையோடு றப்பரும் கொக்கோவும் மிளகும் கலந்தவை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களின் பின்னர் இடைநாட்டுத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. தொழிலாளர் குடும்பங்கள் பல இடம்பெயர்ந்தன. 1983 ஜூலையில் மாத்தளை நகரமும் முத்துமாரியம்மன் கோயிலும் தீக்கிரையாயின. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 4 இலட்சத்து 84 ஆயிரம். அதில் ஐந்தில் நான்கு பங்கினர் சிங்களவர். எனவே தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் தொகையிற் குறைந்தும், ஒன்றுக்கொன்று தொலைவிலும் அமைந்துள்ளன. தோட்டத்துச் சிறு பாடசாலையில் ஐந்தாந் தரத்தை முடித்த பிள்ளை, ஆறாந் தரத்துக்கு இரத்தோட்டைக்கோ உக்குவளைக்கோ மாத்தளை நகருக்கோ செல்லவேண்டியதாகின்றது. இடைநிலைக் கல்வியின் வாயிலிலேயே இடமும் மொழியும் வகுப்பறைச் சூழலும் ஒருசேர மாறுகின்றன. இம்மாற்றத்தின் நடுவிலேதான் 'வாசிக்கத் தெரியாது' என்ற தீர்ப்பும் வழங்கப்படுகின்றது.

3

இனி, அளக்கும் முறைகளை நோக்குவோம். பெருவழக்கானது உரத்து வாசிக்கச் செய்தல். பிள்ளை எழுந்து நின்று ஒரு பந்தியை வாசிக்கும். ஆசிரியர் பிழை திருத்துவார். தமிழ் நெடுங்கணக்கின் 247 எழுத்துக்களையும் கூட்டி ஒலிக்கத் தெரிந்ததா என்பதை அறிவதற்கு இது பயன்படும். ஒகர ஓகாரக் குறிகள் மெய்யின் இருமருங்கும் அமைதல், ஒரே பகர எழுத்து இடத்துக்கேற்ப வல்லொலியாகவும் மெல்லொலியாகவும் வழங்குதல் முதலியன உண்மையான இடர்ப்பாடுகள். ஆறாந் தரத்திலும் இவற்றிற் தடுமாறும் பிள்ளைக்கு உடனடி உதவி தேவை.

ஆனால் 'பழம்' என்பதைப் 'பளம்' என்று வாசிக்கும் பிள்ளை செய்யும் பிழை யாது? அது தன் வீட்டில் அச்சொல் வழங்கும் வண்ணமே ஒலித்தது. பொருள் சிறிதும் பிசகவில்லை. 'சென்றனர்' என்று அச்சிட்டிருப்பதைப் 'போனாங்க' என்று வாசிக்கும் பிள்ளையோ அதனினும் கடினமான செயலைச் செய்துள்ளது. எழுத்து வழக்கைப் பொருளாக மாற்றி, அப்பொருளைத் தன் பேச்சில் வெளியிட்டுள்ளது. கென்னத் குட்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1960களில் இத்தகைய பிறழ்வுகளை ஆராய்ந்து, அவற்றுட் பல வாசகரின் மனம் பொருளைத் தேடிச் செல்வதற்கு அடையாளங்கள் என்று காட்டினார். நமது வகுப்பறையில் இவ்விரு பிள்ளைகளுக்கும் புள்ளி குறைக்கப்படுகின்றது. ஒரு சொல்லும் விளங்காமல் மணிமணியாக ஒலிக்கும் பிள்ளைக்கோ முழுப்புள்ளி கிடைக்கின்றது.

மற்றைய முறை கிரகித்தல். பந்தியொன்றைக் கொடுத்து வினாக்களுக்கு விடை எழுதச் செய்தல். இது பொருளுணர்வை அளப்பதாகக் கொள்ளப்படுகின்றது. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் பின்வரும் பொருளற்ற தொடரைக் கொண்டு சோதிக்கலாம்: 'முரளன் தெவளியைத் துமைத்தான். துமைத்தமையால் தெவளி வதிர்ந்தது.' வினா: 'தெவளி ஏன் வதிர்ந்தது?' விடை: 'முரளன் துமைத்தமையால்.' இச்சொற்களுக்குப் பொருளே இல்லை. எனினும் விடை சரியானது. வினாவிலுள்ள சொல்லைப் பந்தியிலே தேடி, அவ்வரியைப் பெயர்த்தெழுதும் உத்தி பழகிய பிள்ளைக்கு இத்தகைய வினாக்கள் எளியன. நமது பயிற்சிப் புத்தகங்களிலுள்ள வினாக்களிற் பெரும்பான்மை இவ்வகையினவே. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்காகப் பயிற்றப்பட்ட பிள்ளை இவ்வுத்தியில் வல்லமை பெறுகின்றது. அப்பயிற்சி கிடைக்காத தோட்டத்துப் பிள்ளை, பந்தியை விளங்கிக்கொண்டபோதும் விடையை வேறு சொற்களில் எழுதிப் புள்ளி இழத்தல் கூடும். பரீட்சை அளந்தது பரீட்சைப் பழக்கத்தையே.

4

பந்தியின் உள்ளடக்கம் மேலும் கவனத்துக்குரியது. விளக்கத்தின் பொருட்டு இருபந்திகளை இங்கு ஆக்கித் தருகின்றேன்.

முதலாவது: 'மாமாவின் வளவிற் பனைகளும் வடலிகளும் நிறைந்திருந்தன. மாரி தொடங்குமுன் வேலியடைத்துவிட வேண்டுமென்று அவர் அவசரப்பட்டார். கறையான் அரித்த கதியால்களைப் பிடுங்கிப் புதியன நட்டோம்.'

இரண்டாவது: 'அம்மா பெரட்டுக்குப் பிந்திப் போனாள். அன்று மலையிலே கொழுந்து குறைவு. மாலையிற் கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்துவிட்டு அரைப்பேர் என்றார். அம்மா கூடையைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் நடந்தாள்.'

இரண்டும் தமிழே. வாக்கிய அமைப்பிலும் நீளத்திலும் பெரிய வேறுபாடில்லை. முதற் பந்திக்கு 'மாமா ஏன் அவசரப்பட்டார்?' என்று வினவினால், யாழ்ப்பாணத்துப் பிள்ளை மழைக்குப் பின் தொடங்கும் பயிர்ச்செய்கையையும் வேலிக்குள் நுழையும் ஆடுமாடுகளையும் எண்ணிப் பார்த்து விடை கூறும். பனையையே கண்டிராத, 'வளவு', 'வடலி', 'கதியால்' என்ற சொற்களைக் கேட்டறியாத எல்கடுவைப் பிள்ளைக்கு அவ்வழி அடைபட்டுள்ளது. இரண்டாம் பந்திக்கு 'அம்மா ஏன் பேசாமல் நடந்தாள்?' என்பது வினாவாயின் நிலைமை தலைகீழாகும். 'பேர்' என்பது ஒருநாட் சம்பளத்தின் பெயர். 'அரைப்பேர்' என்பது அது பாதியாக வெட்டப்படுதல். நாள் முழுவதும் மலையேறி இறங்கியும் பாதிக்கூலி. இதனை அறிந்த பிள்ளைக்கு அந்த மௌனம் விளங்கும். அறியாத நகரத்துப் பிள்ளை, ஏன், பேராசிரியரும்கூட, அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கலாம் என்று எழுத இடமுண்டு.

வாசிப்புத் திறன் என்று நாம் கூறுவதன் ஒரு பெரும் பகுதி, பந்தி எடுத்த எடுப்பிலே கூறாது விட்டதை வாசகர் தம் வாழ்விலிருந்து எடுத்து நிரப்பும் ஆற்றலே என்பதை இது புலப்படுத்துகின்றது. எவருடைய வாழ்வு பந்தியில் அமைகின்றதோ அவருடைய பிள்ளைக்கு அவ்வாற்றல் இலவசமாகக் கிடைக்கின்றது. தோட்டத்துப் பிள்ளை மட்டுமன்றி, மாத்தளையிலே தமிழ்மொழிமூலம் கற்கும் முஸ்லிம் பிள்ளையும் தனக்கேயுரிய சொல்வழக்கோடு அதே வினாத்தாளை எதிர்கொள்கின்றது. பிற பாடங்களின் நிலை இதனினும் சிக்கலானது. வரலாறு போன்ற பாடங்களின் தமிழ் நூல்கள் பெரிதும் சிங்கள மூலத்தினின்று பெயர்க்கப்பட்டவை. மொழிபெயர்ப்பின் முடிச்சில் அகப்பட்ட வாக்கியத்தை எட்டாந்தர மாணவி விளங்கிக்கொள்ளாதபோது, குறை மாணவியின் கணக்கிலேயே எழுதப்படுகின்றது.

ஐ. ஏ. றிச்சட்ஸ் 1929 இல் வெளியிட்ட 'நடைமுறை விமரிசனம்' என்னும் நூலை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். ஆசிரியர் பெயரும் காலமும் நீக்கப்பட்ட கவிதைகளைக் கேம்பிறிட்ஜ் மாணவரிடம் கொடுத்து, அவர்கள் எழுதிய குறிப்புக்களை அவர் ஆராய்ந்தார். கவிதையின் நேர்ப்பொருளைக்கூட அவர்களுட் பலர் பிறழ உணர்ந்திருந்தமை வெளியாயிற்று. இங்கிலாந்தின் உயர்கல்வி பெற்ற அவ்விளைஞரை எவரும் 'வாசிக்கத் தெரியாதோர்' என ஒதுக்கவில்லை. பிறழ்வுகள் வகைப்படுத்தப்பட்டன, காரணங்கள் தேடப்பட்டன, புதியதொரு கற்பித்தல் நெறியே அதிலிருந்து பிறந்தது. ஆளும் வர்க்கத்துப் பிள்ளையின் பிறழ்வு ஆராய்ச்சிப் பொருளாகின்றது. தொழிலாளியின் பிள்ளையினது பிறழ்வு புள்ளிக் குறைவாகின்றது. றிச்சட்ஸின் அழகியற் கொள்கைகளை நாம் ஏற்கவேண்டியதில்லை. பிறழ்வை ஆராயும் அவருடைய பொறுமையைத் தோட்டப் பாடசாலைக்கும் கோருகின்றோம்.

பேசில் பேண்ஸ்டைன் தொழிலாளர் வர்க்கப் பிள்ளைகளின் மொழியைக் 'குறுகிய குறிமுறை' என வகுத்ததும், அதனை மொழிக்குறைபாடாகப் பலர் பொருள்கொண்டதும் கல்விச் சமூகவியல் பயில்வோர் அறிந்தவை. அக்குறைபாட்டுக் கொள்கையை மறுத்து அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1969 இல் எழுதினார். ஹாலெமைச் சேர்ந்த கறுப்பினச் சிறுவன் ஒருவன் பரீட்சைச் சூழலில் ஓரிரு சொற்களுக்கு மேற் பேசவில்லை. நண்பனையும் உடனழைத்து, உருளைக்கிழங்குச் சீவல் கொடுத்து, ஆய்வாளர் தரையிலே அமர்ந்து உரையாடியபோது அதே சிறுவன் ஓயாது பேசினான். அளவீட்டுச் சூழலே அளக்கப்படுவதை மாற்றிவிடும் என்பதற்கு இது சிறந்த சான்று. புதிய பாடசாலையில், புதிய ஆசிரியர் முன், வகுப்பார் சிரிக்கக்கூடுமென அஞ்சி எழுந்து நிற்கும் ஆறாந்தரத் தோட்டத்துப் பிள்ளையின் மௌனத்தையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும்.

5

இதுவரை கூறியவற்றிலிருந்து இரு தவறான முடிவுகளுக்குச் செல்ல இடமுண்டு. முற்போக்காளர் சிலரிடையே இரண்டும் காணப்படுவதால் அவற்றைத் தெளிவாக மறுத்தல் அவசியம்.

ஒன்று, பரீட்சை ஆளும் வர்க்கத்தின் கருவி. ஆதலால் அளவீடே வேண்டாம் என்பது. அளவீடு இல்லாதவிடத்து ஏற்றத்தாழ்வு மறைவதில்லை. அது கண்ணுக்குத் தெரியாமற் போகின்றது. உயர்ந்த எழுத்தறிவு வீதத்தைக் கூறி நாம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம் 2003 இல் நான்காந் தர மாணவரிடையே நடத்திய மதிப்பீடு, தாய்மொழியில் எதிர்பார்க்கப்பட்ட தேர்ச்சியை எய்தியோர் நூற்றுக்கு 37 பேரே என்று காட்டியது. அவ்வெண் வெளிவராதிருந்தால் அப்பெருமை குலைந்திராது. இந்தியாவிற் 2005 தொடக்கம் பிரதம் நிறுவனம் கிராமப்புற வீடுகளில் நடத்திவரும் 'அசர்' கணிப்பீடும் அத்தகையது. எழுத்து, சொல், முதலாம் வகுப்புப் பந்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்ற படிகளைக் கொண்டு அது ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே வாசிக்கச் செய்கின்றது. ஒலித்தலையே அளக்கின்றது என்ற குறை அதற்கு உண்டு. ஆயினும் பள்ளியில் இருத்தலும் கற்றலும் ஒன்றல்ல என்பதை அது மறுக்கவியலாதபடி நிறுவியது. நமது குறை அளவு மிகுந்தமையன்று. அளக்கவேண்டிய இடத்தில் அளக்காமையே. 2012, 2014 ஆம் ஆண்டுகளில் எட்டாந் தரத்துக்கு நடத்தப்பட்ட தேசிய மதிப்பீடுகள் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகியவற்றையே எடுத்துக்கொண்டன. தாய்மொழி வாசிப்பு ஆரம்பப் பிரிவோடு முடிந்துபோன விடயம் என்ற எண்ணமே இதன் அடியில் உள்ளது. ஆனால் வாசிக்கக் கற்ற பிள்ளை வாசித்துக் கற்கவேண்டிய காலம் ஆறாந் தரத்திலேதான் தொடங்குகின்றது.

மற்றையது, தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டத்தைப் பற்றிய பந்தியே போதும், அதன் பேச்சுமொழியே போதும் என்பது. இது மேலுக்கு அன்பு போலத் தோன்றும். உண்மையில் லயத்தைச் சுற்றி இன்னொரு வேலி அடைப்பதாகும். சம்பளச் சீட்டையும் காணி உறுதியையும் நீதிமன்றக் கட்டளையையும் வாசிக்கவேண்டியவர் அப்பிள்ளையே. எழுத்து வழக்கின்மீது முழு ஆளுகை பெறாத வர்க்கம் தன் உரிமையைப் பிறர் வாயிலாகவே கேட்கவேண்டியிருக்கும். கோ. நடேசய்யர் இதனை நன்கறிந்திருந்தார். அவர் பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் அச்சிட்டார். அவர் துணைவியார் மீனாட்சியம்மையார் தோட்டந்தோறும் பாடினார். அச்செழுத்தும் குரலும் அங்கு எதிரெதிரானவையாக இருக்கவில்லை. வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, லயத்தார் கூடியிருந்து கேட்டு விவாதித்த அம்மரபில் வாசிப்பு கூட்டுச் செயலாயிருந்தது. காமன் கூத்தையும் அருச்சுனன் தபசையும் பொன்னர் சங்கரையும் கேட்டு வளரும் பிள்ளை, நீண்ட கதையொன்றை நினைவில் நிறுத்தி அதன் திருப்பங்களைத் தொடரும் ஆற்றலோடுதான் பாடசாலைக்கு வருகின்றது. எந்த வினாத்தாளும் இவ்வாற்றலை அளப்பதில்லை.

6

எனவே வேண்டப்படுவன யாவை? முதலாவதாக, வாசிப்புக்கு ஒரே புள்ளி வழங்குவதை விடுத்து, எழுத்துக்கூட்டல், பொருளுணர்தல், பந்தியின் உலகத்தோடு பரிச்சயம், விடையெழுதும் பழக்கம் ஆகிய நான்கையும் தனித்தனியே பதிதல் வேண்டும். ஆறாந் தரத்தின் முதற் தவணையிலேயே ஒவ்வொரு பிள்ளையோடும் ஆசிரியர் தனித்து அமரச் சில நிமிடங்கள் போதும். இரண்டாவதாக, பந்திகள் இணையிணையாக அமைதல் வேண்டும்: ஒன்று பிள்ளை அறிந்த உலகினின்று, மற்றையது அறியாத உலகினின்று. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே, பிள்ளைக்கு வாசிப்பிற் குறையா, உலக அறிமுகத்திற் குறையா என்பதைக் காட்டித்தரும். மூன்றாவதாக, எழுதுவதற்கு முன் பந்தியைத் தன் பேச்சிலே திருப்பிச் சொல்லப் பிள்ளைக்கு வாய்ப்பளித்தல் வேண்டும். நான்காவதாக, சிறிது உதவியளித்த பின் பிள்ளை எவ்வளவு முன்னேறுகின்றது என்பதையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். தனித்துச் செய்யக்கூடியதற்கும் பிறர் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட வெளியிலேதான் வளர்ச்சி நிகழ்கின்றது என்று சோவியத் உளவியலாளர் வைகொட்ஸ்கி கூறியது இதற்குப் பொருந்தும்.

பந்திகளுக்கு வெளியே தேடி அலைய வேண்டியதில்லை. மாத்தளை சோமு, மலரன்பன், மாத்தளை வடிவேலன் ஆகிய மூவரின் சிறுகதைகளைக் கொண்ட 'தோட்டக்காட்டினிலே' 1980 இல் வெளிவந்தது. இம்மாவட்டம் தன் வாழ்வை எழுதிக்கொள்ளும் எழுத்தாளரை உருவாக்கியுள்ளது. அவ்வெழுத்து அதே மாவட்டத்துப் பாடசாலையின் வாசிப்பு மணித்தியாலத்துக்குள் இடம்பெறுதல் வேண்டும். அதே பந்தியை யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் கொழும்புப் பிள்ளையும் வாசித்து, 'அரைப்பேர்' என்றால் என்ன என்று கேட்க நேர்வதும் வேண்டும். அறியாத உலகை வாசிக்கும் சுமை ஒரு வர்க்கத்துப் பிள்ளைகளின் தலையில் மட்டும் ஏற்றப்படுதல் நீதியாகாது.

நூலகமற்ற பாடசாலையையும் ஆசிரியர் பற்றாக்குறையையும் அரைப்பேர்ச் சம்பளத்தையும் எந்தக் கணிப்பீட்டு முறையும் தனித்து மாற்றிவிடாது. அவை போராடிப் பெறவேண்டியவை. ஆயினும் கோல் நேரானால் குறை எங்குள்ளது என்பதாவது புலப்படும். அதன் பின்னர் 'பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது' என்று கூறுவோர், எதனை, யாருடைய தமிழில், எந்த உலகத்தைப் பற்றி வாசிக்கத் தெரியாது என்பதையும் சேர்த்துக் கூறவேண்டியிருக்கும். அவ்விடையின் ஒரு பகுதி பிள்ளையைப் பற்றியதாயிருக்கும். எஞ்சிய பகுதி நம்மைப் பற்றியதாயிருக்கும்.